ஹாரன் அண்ணாத்தயின் வேட்டை வண்டி

செங்கல்பட்டிலிருந்து செய்யூர் போகிற ரோட்டில் ஒரு மாடாவது நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்திருக்கிறதா என்று பாருங்கள், பிள்ளைகளா. படுத்திருக்காது. தப்பித்தவறிப் படுத்திருந்தாலும் ஒரு காதை ரோட்டுப் பக்கம் தூக்கி வைத்துக்கொண்டுதான் படுத்திருக்கும். அந்த மாடுகளுக்கெல்லாம் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர் ஒரே ஒரு மனிதர். அவர்தான் எங்கள் ஊர் ஹாரன் அண்ணாத்த.

அப்பா அம்மா வைத்த பேர் அவருக்கு ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் அது இருக்கிறது. மற்றபடி ஊரில் யாருக்கும் தெரியாது. முப்பது வருஷம் அந்த ரூட்டில் தனியார் பஸ் ஓட்டியவர். பஸ் இரண்டு ஊர் தள்ளி வரும்போதே ஹாரன் சத்தம் எங்கள் ஊருக்கு முதலில் வந்து இறங்கிவிடும். பெண்கள் அதைக் கேட்டு உலையில் அரிசி போடுவார்கள். பஸ் வந்து சேரும்போது சோறு வடித்திருக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தட்டில் தோசை வைத்தால் முதலில் நடு மத்தியில் உள்ளங்கையால் ஓர் அமுக்கு அமுக்குவார். சத்தம் வராது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பிட்டுத் தின்பார்.

செய்யூருக்குப் பக்கத்தில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம். அதில் வேர்க்கடலை போடுவார். கடலைக்கு அந்தப் பக்கம் முள்ளுக்காடு. முள்ளுக்காட்டில் காட்டுப்பன்றிகள். போன வருஷம் அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பன்றிகள் குடும்பத்தோடு வந்து, மண்ணைக் கிண்டி, விதைக்குக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டன.

அவர் மனைவி மல்லிகா அக்கா அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசினால் அது தீர்ப்பு. இந்த வருஷம் கடலை விதைத்த அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"தோ பாரு. இந்த வாட்டியும் பன்னி துன்னுச்சுன்னா அடுத்த வருஷம் சவுக்கு நட்ருவேன். சவுக்குக்குக் காவலும் வேணாம், நீயும் வேணாம். நீ செங்கல்பட்டுக்குப் போயி என் தம்பி அரிசிக் கடையில குந்திக்கோ."

இதைக் கேட்டு அண்ணாத்தக்கு வேர்த்துவிட்டது. ஏனென்றால் அந்த மச்சான் தும்மினால்கூட துண்டைச் சுற்றிக்கொண்டு தும்முகிற ஆள். கடையில் மூட்டையை இறக்கும்போதே "மெதுவா, மெதுவா" என்பார். போன் வந்தால் கல்லாவுக்கு அடியில் குனிந்து பேசுவார். அங்கே ஹாரன் அண்ணாத்தயைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வைப்பது, கோயில் மேளக்காரரை ஆஸ்பத்திரியில் அட்மிட் பண்ணுவது மாதிரி.

"எப்டியாவது இந்தக் கடலைய வூடு சேக்கணும் நைனா" என்றார் என்னிடம். "இல்லாங்காட்டி நான் செத்தேன்."

அப்போதுதான் அவர் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தார். வெளிநாட்டில் கோல்ஃப் என்று ஒரு பந்தாட்டம். மைதானம் ஊரளவு பெரிது. ஆடுகிறவர்கள் நடக்க முடியாமல் சின்ன பேட்டரி காரில் போவார்கள். அந்த காரை ஓர் ஆள் வாங்கி, உயரம் தூக்கி, பெரிய டயர் போட்டு, வேட்டை வண்டியாக மாற்றிக் காட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போகிறான்.

"பாத்தியா? இன்ஜின் சத்தமே இல்ல! மான் பக்கத்துலயே போறான். அது திரும்பிக்கூட பாக்கல. இதான் நமக்குக் கரெக்ட்டு."

நான் பயந்துவிட்டேன். "அண்ணாத்த, காட்டுப்பன்னிய ஏதாவது பண்ணா கேஸு. பாரஸ்ட்டுக்காரங்க சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"யாருடா சுடப் போறது? என்னாண்ட துப்பாக்கியா கீது? எனக்கு வேட்டன்னா வெரட்டறது. அது பாட்டுக்கு கடலைய துன்னுகினு இருக்கும். நாம சத்தமில்லாம பின்னால போயி நிப்போம். திரும்பிப் பாக்கும். என் மூஞ்சியப் பாக்கும். அப்பால இந்தப் பக்கமே தல வெச்சுப் படுக்காது."

இதில் கடைசிப் பகுதியை மட்டும் நான் முழுசாக நம்பினேன்.

என் பிழைப்பு லோடு வண்டி ஓட்டுவது. திருவிடந்தைப் பக்கம் கடலோரமாக ஒரு ரிசார்ட்டுக்கு அடிக்கடி சாமான் ஏற்றிப்போவேன். விருந்தாளிகளை கேட்டிலிருந்து அறைக்கு ஏற்றிப்போகிற பழைய பேட்டரி கார்களை அங்கே கழித்துக் கட்டுகிறார்கள் என்று தெரிந்தது. வாய் சும்மா இருக்காமல் இதை அண்ணாத்தயிடம் சொன்னேன். மறுநாள் காலை நாஸ்தாவுக்கு முன்னாலேயே அவர் என் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

ரிசார்ட்டின் பின்பக்கம் தென்னை மரத்தடியில் மூன்று கார்கள் நின்றன. ஒன்று ரொம்பக் குட்டி. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவதாகக் காற்றுகூட உட்கார முடியாது. இன்னொன்றில் முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் தகரத் தட்டு. அதில்தான் போர்வையும் துண்டும் ஏற்றிப்போவார்களாம். மூன்றாவதில் முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார இரண்டு சீட்டு, மேலே ஒரு கூரை.

அங்கிருந்த சூப்பர்வைசர் தம்பி நல்ல பையன். மறைக்காமல் சொன்னார். "சார், வயல்ல ஓட்டணும்னா அந்தத் தட்டு வெச்சதை எடுங்க. பேட்டரி புதுசா மாத்தினது. வெயிட்டும் கம்மி. பின்னாடி என்ன வேணாலும் ஏத்திக்கலாம்."

ஹாரன் அண்ணாத்த ஒவ்வொரு டயரையும் கால் கட்டைவிரலால் உதைத்துப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். முன்பக்கம் குனிந்து தேடினார்.

"இன்ஜின் எங்கப்பா?"

"இன்ஜின் கிடையாது சார். மோட்டார். சீட்டுக்கு அடியில பேட்டரி."

சீட்டைத் தூக்கிக் காட்டினார். வரிசையாக பேட்டரிகள். அண்ணாத்த அதை அடுப்பில் வைத்த குழம்பைப் பார்ப்பது போல எட்டிப் பார்த்தார்.

"கியரு?"

"கியரும் கிடையாது. இந்த ஸ்விட்ச் மட்டும்தான். இப்படித் தள்ளினா முன்னாடி, இப்படித் தள்ளினா பின்னாடி."

"நடுவுல ஒண்ணுமே இல்லியா? அய்யோ பாவம்" என்று காரைத் தடவிக் கொடுத்தார். பிறகு முக்கியமான கேள்விக்கு வந்தார். "சரி, கண்டக்டர் எங்க குந்துவான்?"

சூப்பர்வைசர் தம்பி என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

"இன்னா தம்பி முழிக்கிற? டிரைவர் முன்னாடிதான் பாப்பான். பின்னாடி பன்னி வந்துச்சுன்னா யாரு பாக்கறது?"

"அப்டின்னா பின்னாடி சீட்டு இருக்கறது அந்த ஒரு வண்டிதான் சார். ஆனா அதோட பேட்டரி ரொம்பப் பழசு. குண்டா ரெண்டு கெஸ்ட் ஏறினாலே மூச்சு வாங்குது. வேணாம் சார்."

நான் அண்ணாத்தயை ஓரமாக இழுத்தேன். "அவரு சொல்றது நாயமாத்தான கீது? தட்டு வெச்சதையே எடுத்துக்கலாம்."

"நைனா, கண்டக்டர் சீட்டு இல்லாத வண்டிய நான் இதுவரிக்கும் தொட்டதில்ல. இனிமேவும் தொடமாட்டேன்."

அவ்வளவுதான். மூன்றில் மோசமான வண்டியைப் பொறுக்கி எடுத்தாயிற்று. சூப்பர்வைசர் தம்பி கை கொடுக்கும்போது துக்கம் விசாரிப்பது போலக் கொடுத்தார்.

அதை என் லோடு வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினேன். "அண்ணாத்த, முன்னாடி வந்து குந்துங்க, கெளம்பலாம்" என்றேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் அவர் மேலே இருக்கிற காரின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"எறங்குங்க அண்ணாத்த! சாமான் மேலல்லாம் ஆளு குந்தக் கூடாது."

"டிரைவர் இல்லாம வண்டிய அனுப்பறதா? நீ எட்றா."

எப்படிக் கெஞ்சியும் இறங்கவில்லை. பிள்ளைகளா, நீங்கள் யாரும் இப்படிச் செய்யக் கூடாது. நான் மெல்ல மெல்ல ஓட்டினேன். ஈ.சி.ஆர். ரோட்டில் கீழே நான் வளைத்தால் மேலே அவரும் வளைத்தார். நெம்மேலி தாண்டும்போது எதிரே வந்த லாரிக்காரர் யாருக்கு வழி விடுவது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அந்த காரில் ஹாரன் வேலை செய்யாததால் அண்ணாத்த வாயாலேயே அடித்துக்கொண்டு வந்தார். "பாம்... பாம்... பாபாம்!" மாமல்லபுரத்தில் சிற்பம் பார்க்க வந்தவர்கள் சிற்பத்தை விட்டுவிட்டு இவரைப் போட்டோ எடுத்தார்கள்.

அங்கே ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். நான் நிறுத்தினேன்.

"யாருய்யா வண்டி ஓட்டறது?" என்றார்.

"நான்தான் சார்" என்றேன் கீழேயிருந்து.

"நான்தான் சார்" என்று மேலேயிருந்தும் கேட்டது.

போலீஸ்காரர் கொஞ்ச நேரம் மேலேயும் கீழேயும் பார்த்தார். "மேல இருக்கிற டிரைவர் எறங்கி, கீழ இருக்கிற டிரைவர் பக்கத்துல உக்காரு. இல்லன்னா ரெண்டு பேருக்கும் சேத்து எழுதுவேன்" என்றார். அண்ணாத்த இறங்கினார். இறங்குவதற்கு முன்னால் ஹேண்ட் பிரேக் போட்டார்.

பிறகு வேட்டை வண்டி கட்டுகிற வேலை தொடங்கியது. செய்யூரில் வெல்டிங் பட்டறையில் வைத்து ஒரு அடி உயரம் தூக்கினார்கள். வழவழ டயரைக் கழற்றிவிட்டு முரட்டு டயர் மாட்டினார்கள். பன்றி முட்டினால் தாங்க வேண்டும் என்று முன்னால் சவுக்குக் கழிகளை வரிசையாகக் கட்டினார் அண்ணாத்த. நான்கு பெரிய விளக்கு. இதுவரைக்கும் சரி.

ஓட்டிப் பார்த்த அன்றைக்குத்தான் சிக்கல். நான் பின் சீட்டில் கண்டக்டர். அவர் முன்னால் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எடுங்க அண்ணாத்த."

"நீ ரைட் குடுத்தாத்தான எடுப்பேன்?"

அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு விசிலை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் போக வேண்டும். பஸ்ஸில் போகிற உங்களுக்கே இது தெரியும். நான் இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி பூனை மாதிரி நகர்ந்தது.

"ஓடுதா நைனா?"

"ஓடிகினுதான் கீது. எதிர்த்த வூடெல்லாம் பின்னால போவுது பாருங்க."

"ஒண்ணுமே கேக்கலியேடா! வண்டின்னா வண்டி மாதிரி இருக்க வேணாமா? பொணம் கணக்கா போவுது!"

சத்தம் இல்லை என்பதற்காகத் தேடித்தேடி வாங்கிய வண்டி. சத்தம் இல்லையே என்று அவருக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த வாரத்துக்குள் அதில் லாரி ஹாரன் நான்கு மாட்டினார். போதவில்லை. எங்கள் தெருவில் வெங்காயம் விற்கிறவரிடமிருந்து பழைய ஒலிபெருக்கி ஒன்றை வாங்கி வந்து கூரை மேல் கட்டினார். "இதுல என் கொரல பதிஞ்சு வுட்டா பன்னி பாண்டிச்சேரிக்கே ஓடிப்போய்டும்" என்றார். ஆனால் அதில் வெங்காயக்காரர் கூவி வைத்திருந்த பழைய பதிவை எப்படி அழிப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டோம்.

மல்லிகா அக்கா வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "பன்னிய வெரட்டப் போறியா, பன்னிக்குக் கல்யாணம் பண்ணப் போறியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடலை பூத்து முடிந்து விழுது இறங்குகிற காலம் வந்தது. உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். வேர்க்கடலை செடியில் பூ மேலேதான் பூக்கும். பூ வாடிய பிறகு அங்கிருந்து ஊசி மாதிரி ஒரு விழுது கீழே இறங்கி மண்ணுக்குள் போகும். மண்ணுக்குள் போனால்தான் அது காயாகும். அந்தச் சமயத்தில் வயலில் யாரும் காலை வைக்க மாட்டார்கள். விழுது அறுந்தால் காய் போச்சு.

ஒரு சாயங்காலம், வெளிச்சம் இன்னும் போகவில்லை, முள்ளுக்காட்டு ஓரத்தில் பன்றி தெரிகிறது என்று தகவல் வந்தது. அண்ணாத்த துள்ளி எழுந்தார். நான் பின் சீட்டுக்கு ஓடினேன். இரண்டு விசில். வண்டி புறப்பட்டது.

வயலுக்கு நடுவில் ஒரு வாய்க்கால் வரப்பு உண்டு, அகலமானது. அதன் மேல் சத்தமே இல்லாமல் போனோம். அவர் சொன்னதெல்லாம் உண்மையாகிவிட்டது. பன்றிகளுக்கு நாங்கள் வருவது தெரியவே இல்லை. பெரிய தாய்ப் பன்றி ஒன்று, அதன் பின்னால் கோடு போட்ட குட்டிகள். வண்டி அவற்றைத் தாண்டி முன்னால் போய்விட்டது. அதாவது அவர் பார்க்கிற பக்கம் வெறும் வயல். நான் பார்க்கிற பக்கம் பன்றி.

அந்தத் தாய்ப் பன்றி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு சவுக்குக் கழிகூட இல்லை. கழியெல்லாம் முன்னால் கட்டியிருக்கிறது. வேகமாகப் போகச் சொல்லலாம் என்று விசிலை வாயில் வைத்து ஊதினேன். பயத்தில் மூச்சு ஒரு விசிலுக்குத்தான் வந்தது.

ஒரு விசில்!

முப்பது வருஷப் பழக்கம். அண்ணாத்த பிரேக்கை அழுத்திய அழுத்தில் வண்டி வரப்பிலிருந்து வழுக்கி வயலுக்குள் இறங்கி நின்றது. காலையில்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். நான்கு சக்கரமும் மண்ணுக்குள் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டன.

"யாருடா எறங்கறது?" என்று கேட்டார் அண்ணாத்த, திரும்பாமலேயே.

"யாரும் எறங்கல! பன்னி! பின்னாடி பன்னி! எடுங்க அண்ணாத்த!"

"அப்போ ரைட் குடு!"

"வாய் ஒலர்ந்து போச்சு அண்ணாத்த, விசில் வரல!"

"ரைட் வராம எப்டிடா எடுக்கறது, பேஜாரு புடிச்சவனே!"

இதைச் சொல்லிக்கொண்டே திரும்பினார். பன்றியின் மூஞ்சியைப் பார்த்தார். பன்றியும் அவர் மூஞ்சியைப் பார்த்தது. அது ஓடவில்லை. இவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கைக்கு எட்டிய ஸ்விட்சை எல்லாம் ஒன்றாகத் தட்டினார். நான்கு விளக்கும் எரிந்தன. நான்கு ஹாரனும் அலறின. கூரை மேலிருந்து ஒலிபெருக்கி ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தது.

"வாங்கம்மா வாங்க! ஐயா வாங்க! நல்ல சரக்கு, புது சரக்கு! வேணுங்கறத அள்ளிக்கினு போங்க! வாங்கம்மா வாங்க!"

பன்றிகள் முதலில் திகைத்து நின்றன. பிறகு கூப்பிட்ட மரியாதைக்காகவோ என்னவோ, நிதானமாகக் கடலைச் செடிப் பக்கம் நடந்தன.

"நிறுத்துங்க அண்ணாத்த! விருந்துக்குக் கூப்புட்றீங்க!"

"எந்த ஸ்விட்சுன்னு தெர்லியேடா!"

அவர் தேட வேண்டியிருக்கவில்லை. ஹாரன் குரல் மெலிந்து கோழி மாதிரி கேவியது. விளக்கு மங்கியது. "அள்ளிக்கினு போ..." என்று இழுத்துக்கொண்டே ஒலிபெருக்கி அடங்கியது. பேட்டரி மொத்தமும் தீர்ந்துவிட்டது. சூப்பர்வைசர் தம்பியின் முகம் என் கண் முன்னால் வந்துபோனது.

அப்போதுதான் தெருப் பக்கத்திலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. வெங்காய வண்டி வந்திருக்கிறது என்று நினைத்து, எங்கள் தெருப் பெண்கள் பையும் கூடையுமாக வரப்பு மேல் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.

"எங்கப்பா வெங்காயம்?"

"சின்ன வெங்காயமா பெரிய வெங்காயமா?"

"இன்னா அண்ணாத்த, யாவாரம் ஆரம்பிச்சிட்டியா? வூட்டாண்ட வந்து விக்கக் கூடாதா?"

ஹாரனுக்கு அசையாத பன்றி, விளக்குக்கு அசையாத பன்றி, அத்தனை பேர் ஒரே சமயத்தில் பேசுவதைக் கேட்டதும் குட்டிகளைத் திரட்டிக்கொண்டு முள்ளுக்காட்டுக்குள் பாய்ந்து மறைந்தது.

மறுநாள் காலை டிராக்டர் வைத்து வண்டியை இழுக்கலாம் என்று அண்ணாத்த கிளம்பினார். மல்லிகா அக்கா வரப்பில் குறுக்கே நின்றார்.

"எங்க போற?"

"வண்டிய எடுக்க வேணாமா மே?"

"விழுது எறங்கிகினு கீது. டிராக்டரு எறங்குச்சுன்னா பாதி செடி போச்சு. ஒரு சக்கரம் உருளக் கூடாது. கடலை புடுங்கற வரிக்கும் அது அங்கியே கெடக்கட்டும்."

"நடு வயல்ல வேட்ட வண்டி நின்னா நாலு பேரு சிரிப்பாங்க மே."

"சிரிக்கட்டும். அங்கியே வந்து குந்திகினு சிரிக்கட்டும். நேத்து பாத்தல்ல? மனுசாள் பேச்சுக்குத்தான் அது ஓடுது. நீ ஒருத்தன் எட்டு ஆளுக்குப் பேசுவ. போயி அதுல குந்து."

அப்படித்தான் ஹாரன் அண்ணாத்த நகராத வண்டிக்கு டிரைவரானார். சாயங்காலம் ஆனால் வரப்பு மேல் நடந்து போய் அதில் ஏறி உட்கார்வார். முதல் நாள் நான் மட்டும் துணைக்குப் போனேன். இரண்டாம் நாள் என் பிள்ளைகள் வந்தார்கள். ரிசார்ட்டு மெத்தை சீட்டு, மேலே கூரை, நாலா பக்கமும் காற்று. ஓரடி உயரம் தூக்கியிருந்ததால் அங்கே உட்கார்ந்தால் கைப்பேசிக்கு சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான். துபாயில் மகன் இருக்கிற அம்மா, புதுசாக நிச்சயம் ஆன பையன், லோன்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், எல்லாரும் வந்தார்கள். நான்கு சீட்டுக்குப் பத்து பேர். மற்றவர்கள் வரப்பில் உட்கார்ந்தார்கள். அண்ணாத்த இடம் பிரித்துக் கொடுத்தார்.

"பின்னாடி காலியாதான கீது, உள்ள போப்பா! போன் பேசி முடிச்சவங்க எறங்கிக்கோ!"

அவர் பஸ் காலத்துக் கதைகளைச் சொல்வார். ஒரு தடவை பிரேக் பிடிக்காத பஸ்ஸை வெறும் ஹாரனாலேயே நிறுத்தியதாகச் சொன்னார். எப்படி என்று என் மகள் கேட்டாள். "எதிர்க்க கீற மேடு பயந்து ஒசந்துகிச்சு" என்றார். அவள் அதை நம்பினாள். நானும் கொஞ்சம் நம்பினேன். சிரிப்புச் சத்தம் முள்ளுக்காட்டைத் தாண்டிப் போகும். ராத்திரிக்கு இரண்டு பேர் முறை வைத்து அதிலேயே படுத்துக்கொண்டார்கள். அந்தக் குறட்டைக்குப் பன்றி மட்டுமில்லை, ஆந்தைகூட வரவில்லை.

ஆனாலும் அவருக்குள் பயம் இருந்தது. எல்லாரும் போன பிறகு ஒரு செடியைத் தடவிப் பார்த்து, "காய் புடிச்சிருக்குமாடா? தோண்டிப் பாக்கவும் கூடாது. அந்த மச்சான் கடையில ஃபேன்கூட சத்தம் போடாதுடா" என்பார். அப்போது அவர் குரல் எனக்கே காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்டது.

அறுவடை நாள் வந்தது. மல்லிகா அக்கா முதல் செடியைப் பிடுங்கினார். உதறினார். கொத்துக் கொத்தாகக் காய். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அப்படித்தான். அண்ணாத்த ஓரமாக நின்று வேட்டி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். மத்தியானத்துக்குள் தெருவே வயலில் இறங்கிவிட்டது. சிக்னலுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் செடி பிடுங்கினார்கள். கடலை வீடு போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை மல்லிகா அக்கா வாசலில் கடலையைக் காயவைத்துக்கொண்டே கணவரைப் பார்க்காமல் சொன்னார். "அடுத்த வருஷத்துக்கு வெதக்கடலைய இதுலயே எட்த்து வெச்சிருக்கேன்." அவர் சொன்னது அவ்வளவுதான். அண்ணாத்த வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். பிறகு இன்னொரு தடவை நடந்தார்.

மறுநாள் சாயங்காலம் நான் லோடு இறக்கிவிட்டு அந்தப் பக்கமாக வந்தேன். வயல் வெறும் மண்ணாகக் கிடந்தது. பன்றி தின்ன அங்கே ஒரு பிஞ்சுகூட இல்லை. நடுவில் அந்த வண்டி மட்டும் நின்றது. அண்ணாத்த அதன் நான்கு சீட்டையும் ஈரத்துணியால் துடைத்து வைத்துவிட்டு, ஒரு தட்டு நிறைய அவித்த கடலையோடு உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய் என் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். அவர்கள் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வரப்பு மேல் எல்லாரும் வரிசையாக வருவதைப் பார்த்ததும், ஊரையே சத்தத்தால் எழுப்பிய அந்த மனிதர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.